ஈய உக்கிரபாண்டி

டிராயிங் வாத்தியார் சீனிச்சாமி பயந்தாங்கொள்ளி என்பது போடிநாயக்கனூரில் கைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தோளில் பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். தபால்காரர் சைக்கிள் மணியை அடித்தால் தந்தியோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அதையெல்லாம் விடுங்கள். எண்பத்தைந்தாம் வருசம் தை மாதத்து வெள்ளிக்கிழமை அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அன்றைக்கு அவருடைய வலது கை போவதாக இருந்தது.

வினை அவருடைய மச்சான் வழியாக வந்தது. மச்சானுக்குக் கப்பலில் சமையல் சோலி. ஏதோ வெள்ளைக்காரத் துறைமுகத்தில் இறங்கியவன் ஒரு பெட்டி நிறைய ஈயப் பொம்மைகளை வாங்கிவந்து, "மாமா, உங்களுக்குத்தான் இது ஆகும்" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். ஒரு பாதி அரக்கர் சேனை, மறு பாதி தாடி வைத்த குள்ளர் சேனை. அந்த ஊரில் பெரிய மனிதர்களே மேசையைச் சுற்றி நின்று இவற்றை நகர்த்திச் சண்டை விளையாடுவார்களாம். அதைவிட, வண்ணம் தீட்டி மலை, காடு என்று ஜோடித்துக் காட்சிக்கு வைப்பதில்தான் அவர்களுக்குப் பெருமையாம். கூடவே இருந்த படப் புத்தகத்தைப் பார்த்ததும் சீனிச்சாமிக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

இரண்டு வருசம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தப் பொம்மைகளே கதி. கடிகாரக் கடையிலிருந்து ஒரு லென்ஸை இரவல் வாங்கிக் கண்ணில் சொருகிக்கொள்வார். பிரஷ்ஷில் மூன்று முடியை விட்டுவிட்டு மிச்சத்தைக் கத்தரித்துவிடுவார். முதலில் உடம்பு முழுக்கக் கறுப்பு. காய்ந்ததும், பிரஷ்ஷைத் துணியில் துடைத்துத் துடைத்து ஈரம் போக்கி, மேடான இடத்தில் மட்டும் படும்படி வெளிறிய வண்ணம் ஒரு தடவு. கவசத்தின் மடிப்பெல்லாம் சட்டென்று எழுந்து நிற்கும். மனைவி சந்திரவல்லி, இந்த மனுசன் என் முகத்தை இப்படி ஒரு நாள் உற்றுப் பார்த்திருப்பாரா என்று அண்டை வீட்டில் அங்கலாய்த்தாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கு அதைத்தான் வைத்தார். கார்க்கும் களிமண்ணும் கொண்டு போடிமெட்டு மலைச்சாலையை வளைவு பிசகாமல் செய்து, காய்ந்த ஏலக்காய்த் தொலியைப் பாறையாக ஒட்டி, மேலேயிருந்து அரக்கர் சேனை இறங்குகிற மாதிரியும் கீழே அடிவாரத்து முந்தலில் குள்ளர்கள் வழிமறிக்கிற மாதிரியும் நிறுத்தியிருந்தார். சயின்ஸ் ரூம் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, தலைமையாசிரியரே பூட்டினார். பூட்டிய சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேனிக்கு அதிகாரி ஒருவரை அழைத்துவரப் பஸ்சு ஏறிவிட்டார். மூன்று மணிக்குத்தான் வருவார்.

காலை பத்து மணிக்குப் பியூன் மொக்கையன் அலமாரிக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

"வாத்தியாரே, அரக்கனுக்கெல்லாம் தலைவனா நிக்கிறது நம்ம உக்கிரபாண்டி ஐயால்ல?"

சீனிச்சாமி பார்த்தார். இடது இமை பாதி தொங்குகிறது. பச்சைச் சால்வை வலது தோளில் மட்டும் கிடக்கிறது. மீசை ஒரு பக்கம் கருகரு என்றும் மறுபக்கம் வெள்ளை வெளேர் என்றும் இருக்கிறது. ஊரில் அப்படி ஒரு மீசை ஒரே ஒரு முகத்தில்தான் உண்டு. வேண்டுமென்று செய்ததில்லை, சத்தியமாக இல்லை. லென்ஸுக்குள் கொடூரமான முகம் ஒன்று வேண்டியிருந்தது. கை தானாக அதைப் போட்டுவிட்டது. ஒரு முகத்தை எழுதும்போது மூக்கும் மூக்கின் ஓரமும்தான் தெரியும், ஆள் தெரிவதில்லை. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால்தான் ஆள் வந்து நிற்கிறான்.

உக்கிரபாண்டி ஏலக்காய் வியாபாரி. மலைக்கு ஆள் அனுப்புகிற ஜீப்புகள் பாதி அவருடையவை. பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், அன்று மூன்று மணிக்குப் பரிசு கொடுக்க வருகிறவரும் அவர்தான். அந்த மீசையை யாரும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதில்லை. போன ஆடியில் ஜீப்பு டிரைவர் சோலை டீக்கடையில் அந்த மீசையைப் பற்றி ஏதோ கிண்டல் பேசினான். மறுநாள் உக்கிரபாண்டி அவனைக் கூப்பிட்டு, கையை ஜீப்புக் கதவின் இடுக்கில் வைக்கச் சொன்னார். சோலை வைத்தான். அவர் கதவைச் சாத்தினார். வலது கையில் நான்கு விரல் போயிற்று. கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்றுதான் சோலை போலீசில் எழுதிக் கொடுத்தான். எதிர்த்த டீக்கடையில் கிளாசும் கையுமாக நின்று அதை முழுக்கப் பார்த்தவர் சீனிச்சாமி. அந்தச் சத்தம் இன்னும் அவர் காதில் இருந்தது.

மீசையை வாயால் சொன்னவனுக்கே அந்தக் கதி. இவர் வண்ணத்தில் தீட்டி, கண்ணாடி போட்டு, ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அலமாரியைச் சுவர் பக்கம் திருப்பப் பார்த்தார். தேக்கு, நான்கு ஆள் வேண்டும். கம்பியை வளைத்துப் பூட்டில் விட்டுப் பார்த்தார். கம்பி உள்ளே உடைந்துகொண்டது. ஒரு வெள்ளைத்தாளில் 'மலைப் போர்' என்று பெரிதாக எழுதித் தலைவனை மறைக்கிற மாதிரி கண்ணாடியில் ஒட்டினார். கொஞ்ச நேரத்தில் மொக்கையன் அதைக் கிழித்துப் போட்டான். பார்க்க வந்தவர்கள் சத்தம் போடுகிறார்களாம். வராமல் என்ன செய்வார்கள், கடைத்தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தவனே அவன்தானே. உச்சிவேளைக்குள் ஏலக்காய்க் கடை ஆட்கள், சிலமலையிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் என்று வரிசை கட்டிவிட்டார்கள். பார்க்கிறார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் சீனிச்சாமியின் வலது கை விரல்கள் தன்னால் மடங்கின.

கண்ணாடியை உடைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று நாம் கேட்டுவிடலாம். ஏன் உடைத்தாய் என்று கேட்பார்களே. அதற்குப் பதில் அலமாரிக்குள் சால்வை போட்டுக்கொண்டு நிற்கிறதே. இதையே சுற்றிச் சுற்றி நினைத்து அவருக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை.

இரண்டரை மணிக்குப் பரிசுச் சாமான்கள் வந்தன. எவர்சில்வர் தூக்குவாளிகள். அவற்றைக் கொண்டுவந்தவள் உக்கிரபாண்டியின் சம்சாரம் ஜக்கம்மாள். நாற்பது வயது இருக்கும். அவள் பேசி ஊரில் யாரும் அதிகம் கேட்டதில்லை. அவளைக் கண்டதும் அறையிலிருந்த கூட்டம் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நழுவியது. மொக்கையனும் வாசலுக்குப் போய்விட்டான். ஜக்கம்மாள் ஒரு தூக்குவாளியைக் கையில் பிடித்தபடியே அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

பார்த்தாள். குனிந்து பார்த்தாள். கை தானாகப் போட்டுவிட்டது, மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சீனிச்சாமி என்னவோ உளறினார். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கண்ணாடிமேல் ஆட்காட்டி விரலை வைத்து, அந்தத் தலைவனை அடியிலிருந்து முடிவரை அளந்தாள். ஒரு விரலுக்குள் அடங்கிவிட்டது.

"இம்புட்டுத்தானா இவுக?" என்றாள்.

பிறகு தாழ்ந்த குரலில், யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள். வாக்கப்பட்டு இருபத்துநாலு வருசமாகிறதாம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் சுவரோடு ஒட்டிக்கொள்வாளாம். இதை அடுப்படியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தினமும் ஒரு தடவை பார்த்தால் அவளுக்குப் போதுமாம்.

"இது எனக்கு வேணும் வாத்தியாரே."

சாவி இல்லை என்று சீனிச்சாமி சொல்லி வாய் மூடுவதற்குள் தெருமுனையில் ஜீப்பு ஹாரன் கேட்டது. ஜக்கம்மாளுடைய முகம் வெளுத்துப் போனது. அவள் ஒரே ஒரு நொடி வாசலைப் பார்த்தாள். பிறகு தூக்குவாளியை ஓங்கி அலமாரியில் ஒரு போடு போட்டாள். கண்ணாடி கலகலவென்று கொட்டியது. உள்ளே கையை விட்டுப் பொம்மையைப் பிடுங்கி, விரல்களை இறுக மூடிக்கொண்டாள். மூடிய விரல்களின் இடுக்கு வழியாக ரத்தம் கிளம்பியது.

உக்கிரபாண்டி உள்ளே வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார். கால் தடுக்கி விழுந்துவிட்டதாக ஜக்கம்மாள் சொன்னாள். நாலு பேர் முன்னால் நிற்கக்கூட வக்கில்லாத கழுதை என்று அவர் ஏசினார். பின்னால் வந்தவர்கள், தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"கையக் காட்டு."

"சும்மா கீறல்தான்."

"காட்டுன்னா காட்டணும்."

அவள் மூடிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக நெம்பினார். நெம்ப நெம்ப அவள் இறுக்கினாள். ரத்தம் அவருடைய வெள்ளை வேட்டியில் சொட்டியது. சீனிச்சாமிக்கு எல்லாம் தெரிந்தது. அந்த விரல்கள் திறந்தால் அடுத்தது தன் விரல்கள்தான் என்பதும், அதனால்தான் அவள் திறக்கவில்லை என்பதும் தெரிந்தது. நான்தான் செய்தேன், அவளை விடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஐயா" என்று வந்துவிட்டது. அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்தத் தொங்கிய இமையும் அவர் பக்கம் திரும்பியது.

"என்ன?"

"தண்ணி... தண்ணி கொண்டாரட்டுங்களா?"

எழுதுகிற எனக்கே அந்த ஆளை ஒரு அறை விடலாம் போலிருக்கிறது. ஆனால் அவருக்கு அவ்வளவுதான் வந்தது. உக்கிரபாண்டி கையை உதறிவிட்டு, "வெரசாக் கொண்டா" என்றார்.

மண்பானையிலிருந்து சொம்பில் மொண்டுவந்து, வலது கையால் ஊற்றி, இடது கையை அவள் கைக்கு அடியில் ஏந்தினார். தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியது. குடுங்கக்கா, குடுங்கக்கா என்று உதட்டை மட்டும் அசைத்தார். ஜக்கம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கொடுக்க மனசில்லை என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு விரலைத் தளர்த்தினாள். ஈயம் அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

"பத்திரமா வச்சிருங்க. நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, வெறும் கையைப் புருசனிடம் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை குறுக்காகப் பிளந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போ என்று அவர் டிரைவரிடம் சொன்னார்.

உக்கிரபாண்டி அதோடு விடவில்லை. அலமாரியின் மிச்சக் கண்ணாடி வழியாக மலைச்சாலையை ரசித்தார். நம்ம மெட்டுப் பாதை மாதிரியே இருக்கிறது என்று மெச்சினார். இத்தனை அரக்கனுக்கும் தலைவன் யாரப்பா, அந்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று கேட்டார். இன்னும் செய்யவில்லை என்று சீனிச்சாமி சொன்னார். சட்டைப் பையில் அது அவருடைய நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது.

"செய்யி. நல்லா மீசை வச்சுச் செய்யி" என்றார் உக்கிரபாண்டி.

பரிசு கொடுத்து முடியும்வரை சீனிச்சாமியின் கை சட்டைப் பையை விட்டு நகரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் எதிரே வந்த ஒவ்வொருத்தரும் பையையே பார்ப்பதாகப் பட்டது. வீட்டில் எங்கே வைப்பது? சந்திரவல்லி வாயில் எதுவும் நிற்காது. பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடும். மொக்கையன் எதற்காவது வந்து நின்றால்? ஒரு ஜீப்பு பின்னால் வருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் கொட்டகுடி ஆற்றுப் பாலத்துக்கு ஏறக்குறைய ஓடினார். தை மாதம், ஆற்றில் தண்ணீர் நல்ல வேகம். பையிலிருந்து எடுத்ததைப் பார்க்கக்கூட இல்லை. வீசிவிட்டார். ஜீப்பு அவரைத் தாண்டித் தன் பாட்டுக்குப் போனது, அதில் யாரோ எஸ்டேட் ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எட்டாம் நாள் மத்தியானம் ஜக்கம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தூக்குவாளியில் ஒன்று குறைகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். வலது கையில் கட்டு. ஏழு தையலாம். நரம்பு அறுந்ததில் இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போதுகூட அவள் முகத்தில் ஒரு துடிப்பு இருந்தது, தீபாவளிக்குத் துணி வாங்க வந்தவள் மாதிரி. டிராயிங் ரூமில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

"குடுங்க வாத்தியாரே."

சீனிச்சாமி மேசையைப் பார்த்தார். சுண்ணக்கட்டி டப்பாவைத் திறந்தார், மூடினார்.

"ஆத்துல போட்டுட்டேன்க்கா."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

"பயமா இருந்துச்சுக்கா" என்றார்.

ஜக்கம்மாள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் மேசையின் மேல் நல்லபடியாக இருந்தன.

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு" என்றாள்.

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, படியில் இறங்கி வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தாள்.