பெரிய ற

ஒரே ஒரு எழுத்து. அதை வைத்து என் மூன்று வருஷ உழைப்பைக் குட்டிச்சுவராக்கினார்கள்.

1981-ல் மதுரையில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். டாக்டர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது திருட்டுத் தேனீ. இலைவெட்டித் தேனீ பாடுபட்டுக் கூடு கட்டி மகரந்தம் சேர்த்து வைக்கும். இது நைசாக நுழைந்து அதில் முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். இதில் கூரிய வால் உள்ளது ஒன்றுதான் புத்தகங்களில் பெயரோடு இருந்தது. வாலில் முள் உள்ள இன்னொன்றை யாரும் வகைப்படுத்தவில்லை. கூர்வால் பெண், முள்வால் அதன் ஆண், இரண்டும் ஒரே இனம் என்பது என் கட்சி.

பரவையில் ஒரு கொய்யாத் தோப்பில், இலைவெட்டித் தேனீ கூடு கட்டுவதற்காக மூங்கில் குழாய்களைத் தொங்கவிட்டேன். ஏழு குழாய்களில், அடுத்தடுத்த அறைகளிலிருந்து, கூர்வாலும் முள்வாலும் சேர்ந்தே வெளிவந்தன. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

லேப் அட்டெண்டர் மருதுவுக்குச் சொந்த ஊரே பரவை. தேனீக்களை ஊசியில் குத்திச் சீட்டு எழுதியது அவர்தான். 'பரவை கூடு' என்று எழுத வேண்டியதை, ஏழிலும் பெரிய ற போட்டு 'பறவை கூடு' என்று எழுதி வைத்தார். நான் தங்கை கல்யாணத்துக்குப் பரமக்குடி போயிருந்த சமயம், என் கைடு ஹாலாஸ்யம் சார் அந்தச் சீட்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். 'பேர்ட்ஸ் நெஸ்ட்' என்று இங்கிலீஷில் அழகாக டைப் அடித்துக் குத்தி, பூச்சிகளை வகைப்படுத்தும் கல்கத்தா நிபுணர் ஒருவருக்குத் தேனீக்களை அனுப்பியும்விட்டார். நான் எந்தக் குருவிக் கூட்டில் போய்க் கையை விட்டேன் என்று அத்தனை படித்த மனுஷருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பதில் வந்தது. பறவைக் கூட்டில் எந்தப் பூச்சி வேண்டுமானாலும் ஒதுங்கும், ஆகவே இவை ஜோடி என்பதற்கு ஆதாரமில்லை. முள்வால் புதிய இனம். அதற்குப் பேராசிரியர் ஹாலாஸ்யத்தின் பெயரையே சூட்டியிருக்கிறாராம். துறை முழுக்க அல்வா கொடுத்தார்கள். என் பங்கை மேஜையிலேயே வைத்துவிட்டு நேரே ஹாலாஸ்யம் சாரிடம் போனேன்.

"சார், அது ஊர் பேரு. திண்டுக்கல் ரோட்டுல இருக்கிற பரவை."

"இருக்கட்டுமேம்மா. அச்சுக்குப் போயிடுத்து. இனிமே கிளறுவானேன்?"

"உங்க பேர வச்சிருக்கிறது தனி இனமே இல்ல சார். அது இன்னொண்ணோட புருஷன்!"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தீஸிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

நானே கல்கத்தாவுக்கு எழுதினேன். பத்தாம் நாள் பதில். ஹாலாஸ்யம் சார் முந்திக்கொண்டு விளக்கம் எழுதிவிட்டாராம். சீட்டு எழுதியதே நான்தானாம். எனக்கு வீட்டு மொழி தமிழ் இல்லையாம். அதனால் பறவையையும் ஊரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனாம்.

உடம்பெல்லாம் எரிந்தது. நாங்கள் சௌராஷ்டிரர்கள். தலைமுறை தலைமுறையாக மகால் பக்கத்தில்தான் குடியிருக்கிறோம். வீட்டில் எதைப் பேசினால் என்ன, பள்ளிக்கூடத்தில் தமிழில் நான்தான் முதல் மார்க். குழப்பியது பரவையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன்!

கடிதத்தை மருதுவிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"நாந்தேன் எழுதுனேன்னு அந்தக் கல்கத்தாக்காரருக்கு எழுதித் தாரேன் மேடம்."

"சாருக்குத் தெரிஞ்சா உங்கள என்ன செய்வாரோ."

"எம்புட்டுச் செஞ்சிருவாரு? பேப்பரக் குடுங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'சீட்டு எழுதியது மருது ஆகிய நான். எனது சொந்த ஊர் பறவை. குழாய் கட்டியதும் பறவை தோப்பில்தான்.'

மறுபடியும் பெரிய ற! தலையில் அடித்துக்கொண்டு, திருத்துவதற்காகப் பேனாவைப் பிடுங்கினேன். பிடுங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். பிறந்த ஊரையே இப்படி எழுதுகிறவரிடம் இதற்கு மேல் என்ன சாட்சி கேட்பது?

எழுத்தைத் திருத்தாமல், இங்கிலீஷில் ஒரு விளக்கம் சேர்த்து, கீழே பத்மாசினி என்று தமிழில் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

அடுத்த வருஷம் கூர்வாலும் முள்வாலும் ஒரே பெயரில் அச்சாயின. என் தீஸிஸில் ஹாலாஸ்யம் சார் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை.