மிச்சமிருந்த கரிப்படலம்

1

இந்தக் கதை பேருந்தில் கிடைத்தது. மாரண்டஹள்ளியில் ஏறிய ஒருவன் மடியில் சின்ன டப்பா. ஓசூர் வரை அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். உள்ளே என்ன என்று கேட்டேன். “கரிங்க” என்றான். வேறு பேசவில்லை. மற்றதெல்லாம் என் கற்பனை.

இளம்பரிதி என்று பெயர் வைத்தேன். ஆராய்ச்சி மாணவன். மனைவி யுவராணிக்கும் அதே ஆய்வகம். இறந்துவிட்டாள்.

[எப்படி என்று ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன்.]

2

முதல் தொடக்கம்: ‘வானம் அன்று இருண்டு—’

வேண்டாம். நல்ல வெயில்.

அயனியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஜெனான் அணுவிலிருந்து முப்பது எலக்ட்ரான்களை உருவிவிடுங்கள். அதுதான் அயனி, பசித்த அணு. மிக மெல்லிய கரிப்படலத்தை நோக்கி ஏவினால், தொடுவதற்கு முன்பே படலத்தின் எலக்ட்ரான்களை இழுக்கத் தொடங்கிவிடும். மோதல் பிறகுதான். எழுதும்போதே கை பரபரக்கிறது. மின்சாரம் நன்றாகக் கடத்தும் கிராபீன் என்ற கரிப்படலம் என்றால் அக்கம்பக்கத்திலிருந்து எலக்ட்ரான்கள் ஓடிவந்து நிரப்பும், படலம் பிழைத்துக்கொள்ளும். மின்சாரம் கடத்தாத படலத்தில் யாரும் ஓடிவர முடியாது. துளை விழும்.*

யுவராணி செய்த புதுப் படலம் பாதி கடத்தும். துளை விழாது என்றார் வழிகாட்டி. விழும் என்றாள் அவள். விழுந்தால் நம் ஊர்த் தண்ணீரின் ஃப்ளோரைடை அதில் வடிகட்டிப் பார்க்கலாம் என்றாள். அவள் செய்து முடித்தது இரண்டுதான். அந்தப் பக்குவம் பிறகு யாருக்கும் வரவில்லை. ஒன்றை வடக்கே ஓர் ஆய்வகத்தின் அயனிக் கற்றையில் வைப்பது, மற்றதைத் தானே வைத்துக்கொள்வது என்பது இளம்பரிதியின் கணக்கு.

* எப்போதும் அல்ல. வேகத்தைப் பொறுத்தது. கதைக்கு இது போதும்.

3

புறப்படும் காலை. வழியனுப்ப யுவராணியின் அம்மா நஞ்சம்மாள் வந்திருந்தார். [இவர் வேண்டுமா என்று யோசித்தேன். அழுவார் என்று பயம். அழவில்லை.]

இளம்பரிதி குளித்துவிட்டு வந்தால் டப்பா திறந்திருக்கிறது. ஒரு படலத்தின் மேல் குங்குமம்.

“என்னங்க அத்த இது?”

“மொதமொதல்ல வெளியூரு போவுது. வெறும் நெத்தியாவா அனுப்பறது? பொட்டு வச்சேன் மாப்ள.”

“கிழிஞ்சிருச்சு.”

“பொட்டு வச்சதுக்கேவா? இத வச்சித்தான் தண்ணி வடிகட்டப் போறீங்களா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

“இன்னொன்னு இருக்குதில்ல?”

“அது நான் வச்சிக்கறதுக்குங்க.”

“வச்சிகிட்டு?”

[இங்கே அவனுக்கு நீண்ட பேச்சு எழுதினேன். பேச மறுத்துவிட்டான்.]

“வூட்டுல வச்சிக்கவா அவ செஞ்சா? எம்பொண்ணு சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும் மாப்ள. எடுத்துட்டுப் போங்க.”

டப்பாவை மூடி அவன் கையில் கொடுத்தார்.

4

முடிவு ஒன்று: ராயக்கோட்டையில் இறங்கித் திரும்பிவிடுகிறான். அடித்துவிட்டேன். அவன் ஓசூர் வரை வந்ததை நானே பார்த்தேன்.

முடிவு இரண்டு: கற்றை பாய்கிறது. படலம் நுண்ணோக்கிக்குப் போகிறது. திரையில் சாம்பல் நிறம் மெல்லத் தெளிகிறது. துளை இருந்தால் யுவராணி சொன்னது சரி. ஆனால் அவள் செய்த படலம் இனி அவள் செய்தபடி இல்லை. துளை இல்லாவிட்டால் அவள் சொன்னது தப்பு. படலம் அவனுக்கு முழுதாகக் கிடைக்கும். இளம்பரிதி திரையை நோக்கிக் குனிகிறான். எதைத் தேடுகிறோம் என்று அவனுக்கே—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. நீங்கள் முடியுங்கள். படம் தெளிய இன்னும் சில நொடிகள் இருக்கின்றன.