சிகாகோவுக்கு எந்தக் கிழமை

எனக்குக் கோபம் வந்தால் சாப்பிட மாட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்தால் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துவிடுவார். எண்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதம், எங்கள் பழங்காநத்தம் வீட்டில் நான் பட்டினி, அவர் பஞ்சாங்கம்.

சிகாகோவில் மேல்படிப்புக்கு எனக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அதற்கு முன்னால் கிடைத்த ஒரே டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு. வெள்ளிக்கிழமையோ மேற்கே சூலம். சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் பிரயாணம் போகக் கூடாது. அப்பாவின் பெயர் ஹாலாஸ்யம்; மதுரை மாநகராட்சியில் வேலை பார்த்து ரிட்டயரானவர். விதி என்று ஒன்று அச்சில் இருந்துவிட்டால் போதும், அப்புறம் அவரை அசைக்க முடியாது.

"முதல்ல மெட்ராஸுக்குத்தானேப்பா போறேன்? மெட்ராஸ் வடக்கு" என்றேன்.

"போய்ச் சேர்ற ஊர்தான் கணக்கு. அமெரிக்கா மேற்கு."

"பரிகாரம் வெல்லம்னு பஞ்சாங்கத்துலயே போட்டிருக்கு. ஒரு அச்சு வெல்லத்தை வாயில போட்டுண்டு கிளம்பறேன்."

"அது உசிலம்பட்டி போறவாளுக்குடி. சமுத்திரம் தாண்டறவாளுக்கு மூட்டை வெல்லம் தின்னாலும் காணாது."

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். என் அண்ணா வெங்கட்ரமணன் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஹூஸ்டனுக்குக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. போனவன் போனவன்தான். கல்யாணம் அங்கே, குழந்தை அங்கே, தீபாவளிக்கு ஒரு ட்ரங்க் கால். யார் விசாரித்தாலும் அப்பா, "சூலத்துல அனுப்பினேன், என் தப்பு" என்பார். அண்ணாவை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலை பார்த்தது ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டரில். அங்கே பிசிக்ஸ் லெக்சரர் முத்துக்கருப்பன் அண்ணன், கோச்சடையில் தன் வீட்டு மொட்டைமாடியில் ஆண்டெனா கட்டி, ரேடியோவில் உலகத்தோடு பேசுகிறவர். அமெரிக்கா மேற்கே என்று அதை மேற்கே திருப்பிவைத்து மாசக்கணக்காகக் கத்தியும் ஒரு அமெரிக்கர் கூட அகப்படவில்லை. அவர் தொல்லை தாங்காமல்தான் நான் 'திசை' என்று ஒரு புரோகிராம் எழுதினேன். திரையில் 'திசை' என்று அடித்து, பக்கத்தில் இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் அடித்து ரிட்டர்னைத் தட்டினால் போதும். உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுக்கு வழியில் போனால் எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கம் பார்த்துக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிடும். அது சொன்னபடி அவர் ஆண்டெனாவைத் திருப்பினார். மறுநாள் காலையே ஒரு அமெரிக்கர் பதில் சொல்லிவிட்டார். சென்டர் முழுக்க அல்வா கொடுத்தார் மனுஷர்.

என் சூலக் கதையைக் கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, அல்வா தின்னப்ப யோசிக்கலையா? அமெரிக்கா மேற்கயா இருக்கு? உங்கப்பாவைக் கூட்டிட்டு வாம்மா. நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா சென்டருக்கு வந்தார். ஏஸி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னோம். அப்பாவுக்கு அதிலேயே அந்த இடத்தின் மேல் பாதி மரியாதை வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நல்லவேளை, பிரதட்சிணம் வரவில்லை.

நான் மதுரையை அடித்தேன், சிகாகோவை அடித்தேன், ரிட்டர்னைத் தட்டினேன். திரையில் இரண்டு எண்கள் வந்தன. திசை 13. தூரம் 3,670.

"வடக்கைப் பூஜ்யமா வச்சு வலது பக்கமா எண்ணணும்ப்பா. பதிமூணுன்னா வடக்குதான்!"

அப்பா முதல் எண்ணைப் பார்க்கவே இல்லை. "மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டரா? அவ்வளவுதானா? காசிக்குப் போய்ட்டு வர்ற தூரம்கூட இல்லையே!" அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. "ஏண்டி, இத்தனை கிட்டக்கயா இருக்கா நம்ம பசங்க?"

முத்துக்கருப்பன் அண்ணன் என் காதருகே, "மைனஸ் போடலையேம்மா" என்றார்.

சிகாகோ மேற்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அதற்கு முன்னால் மைனஸ் குறி வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன், கம்ப்யூட்டர் அப்பாவைச் சீனாவில் ஒரு பாலைவனத்துக்கு அனுப்பியிருந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. திசை எப்படியும் வடக்குதான், மனுஷர் சந்தோஷமாக இருக்கிறார். ஆனால் தப்புக் கணக்கை நம்பி அனுப்பினார் என்று இருக்கக் கூடாது. மைனஸ் போட்டு மறுபடி தட்டினேன். திசை 347. தூரம் 14,070.

"பதினாலாயிரம்" என்று அப்பா மெல்லப் படித்தார். மலர்ந்த முகம் வாடிப்போயிற்று.

ஆனால் விதி விதிதானே? உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்னூத்தி நாப்பத்தேழுன்னா வடக்குக்குப் பதிமூணு டிகிரி மேற்கே சாயறதே. வடமேற்கு, வாயு மூலைன்னு சொல்லப்படாதோ?"

"இருபத்திரண்டரை வரைக்கும் வடக்குக் கணக்குத்தான் ஐயா" என்றார் முத்துக்கருப்பன் அண்ணன், சளைக்காமல். தான் வாங்கி வந்திருந்த பக்கோடாப் பொட்டலத்தில் சுற்றியிருந்த நூலை அவிழ்த்து, மேஜை மேலிருந்த குளோபில் மதுரைக்கும் சிகாகோவுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தார். நூல் நேரே மேலே ஏறி, வடதுருவத்தின் பக்கமாகப் போய், அந்தப் பக்கம் இறங்கியது. "நூலு பொய் சொல்லாதுல்ல? இம்புட்டுத்தான் ஐயா விஷயம்."

அப்பா நூலைத் தன் கையில் வாங்கி, சிகாகோவிலிருந்து அதன் நுனியை ஹூஸ்டனுக்கு நகர்த்தினார். அப்போதும் அது வடக்கே பார்த்துத்தான் போயிற்று.

"அப்போ வெங்கட்டு கிளம்பினப்பவும் சூலம் இல்லை."

எட்டு வருஷமாக அண்ணாவுக்குப் பதிலாக ஒரு கிழமை பழியைச் சுமந்துகொண்டிருந்தது; டிக்கெட்டுக்காக நான் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். சிகாகோவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது.

"அப்பா, வாங்கோ, போலாம்."

"இருடி. ஊர் ரெண்டையும் மாத்திப் போடு. அங்கேர்ந்து இங்கே வர்றதுக்கு எந்தத் திசை?"

மாற்றிப் போட்டேன். சிகாகோவிலிருந்து மதுரைக்கு 18. ஹூஸ்டனிலிருந்து 10.

"இதுவும் வடக்கா? போறதும் வடக்கு, வர்றதும் வடக்கா?" குளோபைச் சுற்றிவிட்டுப் பார்த்தார், நூலைப் பார்த்தார், கடகடவென்று சிரித்தார். "வடக்கே சூலம் செவ்வாயும் புதனும்தான். பாக்கி அஞ்சு நாளும் வரலாம். தடையே கிடையாதேடி!"

"கிடையாதுப்பா."

"வெள்ளிக்கிழமை கிளம்பு. தாராளமாக் கிளம்பு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "ஹூஸ்டன்லேர்ந்து இங்கே வர்ற கணக்கை ஒரு காகிதத்துல அடிச்சு எடுத்துக்கோ. கிழமையையும் எழுது. அங்கே போனதும் வெங்கட்டு கையில குடு. அவனுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டா."

பிரிண்டர் கறகறவென்று அடித்துத் தள்ளியது. அதன் அடியில் 'செவ்வாய், புதன் தவிர' என்று நான் பேனாவால் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. கண்ணில் நீர் முட்டினால் வேறு எப்படி வரும்? அன்றைக்கு வீட்டுக்குப் போய் மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டேன்.