காற்று படாத குழாய்கள்

"குழாயிலே அடைப்பு இருக்கு, பாய்! நான் சொல்றேன்—"

"அடைப்பு இல்லீங்க சாமி, காலையிலதான் ஊதிப் பாத்தேன்—"

"அப்போ மூணு நாளா இதே பாலத்து மேட்டிலே வண்டி ஏன் நிக்கறது?"

"அதைத்தான் சொல்ல வர்றேன், விட்டாத்தானே—"

"மாட்டினது நீர்!"

"மாட்டச் சொன்னது நீங்க!"

பின் சீட்டிலிருந்த சத்யபாமா இருவருக்கும் நடுவே புகுந்தாள். "அண்ணா, மணி எட்டே முக்கால். நான் இறங்கி நடக்கறேன்."

"பத்து நிமிஷம் பொறு, பாமா."

"நேத்திக்கும் பத்து நிமிஷம்தான் சொன்னே."

நேற்று அந்தப் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலம் தாண்டினால் திருச்சி. அங்கே அவள் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில் ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள். சேர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் தாமதமாக வந்ததற்காக ஆஜர்ப் புஸ்தகத்தில் அவள் பெயருக்கு எதிரே மூன்று சிவப்புச் சுழி. "நாலாவது சுழி போட நான் பேனாவைத் திறக்க மாட்டேன் அம்மா. லால்குடியிலிருந்து ஒரு பெண் மனுப் போட்டிருக்கா. அவளுக்கு ரயில் நேரத்துக்கு வருது" என்று தலைமையாசிரியை நேற்றே சொல்லிவிட்டார்.

பதினெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, ஆறு வருஷம் அண்ணா யதிராஜன் வீட்டுச் சமையலறையில் கிடந்து, மன்றாடி டிரெயினிங் படித்து வாங்கிய வேலை அது. போனால் மறுபடி அந்தச் சமையலறைதான்.

பஸ்ஸில் போகலாமென்றால் யதிராஜன் விடமாட்டான். "பட்டாளத்துக்காரனோட இடிச்சிண்டு நிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் என்றானதும், தங்கைக்கென்று சொந்தக் கையாலேயே ஒரு கார் கட்டினான். துறையூரில் துருப்பிடித்துக் கிடந்த லாரியின் அடிச்சட்டம், பலாப்பலகையில் உடம்பு, பின்னால் ஒரு கரியடுப்பு. அடுப்பிலிருந்து வரும் கேஸில்தான் எஞ்சின் ஓடும். ஓடவும் ஓடியது, சமதரையில். மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கியது.

"கேஸ் சூட்டுல உப்பிக் கிடக்கு சாமி. ஆறினாத்தான் அடங்கி உள்ள போகும், எஞ்சினுக்கு வலு வரும்" என்று பாலக்கரை மெக்கானிக் அப்துல் சலாம் சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டு இருவருமாக ஒரு கூலர் செய்தார்கள். ஏழு இரும்புக் குழாய்களை ஏணி மாதிரி சேர்த்து வண்டியின் முகப்பில் மாட்டி, கேஸை அதன் வழியே சுற்ற விட்டார்கள். முதலில் ஈயத்தால் பற்றவைத்தார்கள். சூட்டில் ஈயம் உருகித் தெருவெல்லாம் சொட்டியது. பிறகு பித்தளையால் பற்றவைத்தார்கள், பிடித்துக்கொண்டது. கூலர் வந்தும் மேடு மேடாகத்தான் இருந்தது.

சலாம் முகப்புக்குப் போய்க் குழாயின் இரண்டு முனைகளையும் தொட்டுக் கையை உதறினார்.

"பாருங்க சாமி. உள்ள போற முனையும் கொதிக்குது, வெளிய வர்ற முனையும் கொதிக்குது. நடுவுல ஆறவே இல்ல."

"இன்னொரு குழாய் வெப்போமா?"

"இன்னொண்ணு எதுக்கு? காத்து பட்டா ஏழே போதும்."

"முகப்பிலேதானே இருக்கு? காவேரிக் காத்து இதுக்கு மேலே எப்படிப் படும்?"

"முகப்புலதான் இருக்கு. ஆனா... முன்னாடி கொஞ்சம் மறைக்குது."

"என்ன மறைக்கறது?"

சலாம் தாடியைச் சொறிந்தார். "அதை நான் சொன்னா நல்லா இருக்காதுங்க."

சத்யபாமா இறங்கி வந்து பார்த்தாள். ஏழு குழாய்களையும் மூடிக்கொண்டு ஒரு பெரிய பித்தளைத் தகடு, அதில் திருநாமம். முன்பு சின்னதாக ரேடியேட்டரில் இருந்ததைக் கூலர் மறைத்துவிட்டது. 'பெருமாள் தெரியாம வண்டி எதுக்கு?' என்று யதிராஜன் புதிதாகச் செய்து, திருகாணி போட்டு முடுக்கியிருந்தான்.

"அண்ணா, பாய் திருநாமத்தைச் சொல்றார்."

"ஐயோ, நான் சொல்லலேம்மா!"

"பெருமாளா காத்தை மறைக்கறார்?" யதிராஜன் குரல் எகிறியது.

"பெருமாள் மறைக்கலை. நீ பண்ணின தகடு மறைக்கறது. கழட்டிக் கூரையிலே வை."

"கூரையிலே காக்கா உக்காரும்."

"பக்கவாட்டிலே?"

"சாக்கடையைப் பாத்துண்டா போவார்?"

"பின்னாலே?"

"அடுப்புப் புகையிலேயா!"

"ஏன், மடைப்பள்ளியிலே தளிகைப் புகை அவருக்குப் புதுசா?"

சலாம் ஆற்றுப் பக்கம் திரும்பி இருமிக்கொண்டார்.

யதிராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புளியை எடுத்தான். தகடருகே போனவன் தன் கைகளைப் பார்த்து நின்றுவிட்டான். முழங்கைவரை கரி.

"இந்தக் கையோட எப்படித் தொடறது? பாய், நீர்—"

"என்னை விட்டுருங்க சாமி. நாளைக்கு வண்டி எங்கயாவது முட்டினா, சலாம் கை வச்சான், அதான்னு ஸ்ரீரங்கமே சொல்லும்."

"குடு அண்ணா, நான் கழட்டறேன்."

"நீ தொடாதே!"

சொன்ன வேகத்திலேயே அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எதையெல்லாம் தான் தொடக் கூடாது என்பது ஆறு வருஷமாக அவளுக்கு மனப்பாடம்.

"அம்மா மண்டபம் இதோ இருக்கு. ஒரே முழுக்கு, ஓடி வந்துடறேன்."

"அண்ணா! மணி!"

அவன் படித்துறையை நோக்கி இறங்கிவிட்டான். ஒரே முழுக்காம்! முழுகினால் பன்னிரண்டு திருமண்ணும் இட்டுக்கொள்ளாமல் அண்ணா கரையேறியதில்லை.

ஸ்ரீரங்கத்துப் பஸ் ஒன்று கரிப்புகை கக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. அதன் முகப்பிலும் அதே மாதிரிக் குழாய்கள். அவற்றின் முன்னால் ஒன்றுமே இல்லை. சத்யபாமா கையை நீட்டினாள். படியில் தொங்கியவர்கள் அவளைப் பார்த்தார்கள்; பஸ் நிற்கவில்லை.

வண்டிக்குள் தொங்கிய கடிகாரத்தில் ஒன்பது. அப்புறம் ஒன்பது ஐந்து.

"பாய், அந்தத் திருப்புளியைக் குடுங்கோ."

"வேணாம்மா. சாமி வந்துரட்டும்."

"வரட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

அவளே எடுத்துக்கொண்டாள். நாலு திருகாணி. மூன்று லேசாக வந்தன. நாலாவது உள்ளங்கையைக் கன்றவைத்துவிட்டுத்தான் வந்தது. சுட்ட தகட்டை முந்தானையில் வாங்கிப் பின் சீட்டில் சாய்த்து வைத்தாள். சலாம் அடுப்பைக் கிளறி, எஞ்சினை முடுக்கி ஓடவிட்டார். சற்றுப் பொறுத்து வெளிமுனையைத் தொட்டுப் பார்த்தார். இந்தத் தடவை கையை உதறவில்லை.

"ஆறுதும்மா!"

யதிராஜன் ஈர வேஷ்டி காலைத் தட்ட, பன்னிரண்டு திருமண்ணும் பளிச்சென்று தெரிய, மேடேறி ஓடிவந்தான். வெறும் குழாய்களைப் பார்த்தான். அவள் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான். சலாம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

சத்யபாமா ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"கை பட்டது பட்டாச்சு, அண்ணா. இனிமே நடந்தா மணி அடிச்சுடும். வண்டியை எடுக்கறயா, மாட்டயா?"