ஐசக் வீட்டில் ஏறிய விஸ்கி

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி மூவாயிரம் ரூபாயைத் தொட்ட 2019 ஜூன் மாதத்தில், அஸ்தினாபுரத்தில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கும் ஐசக்கின் வீட்டில், யாரும் ஒருமுறைகூடத் திறக்காத பழைய ஸ்காட்லாந்து விஸ்கி பாட்டிலுக்குள் சரக்கு இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. சீல் உடையவில்லை. அளந்து சொன்னவர் அடுத்த தெரு துரைராஜ். கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் நகை மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர், அவர் அளவு தப்பாது. தாம்பரம், கீழ்க்கட்டளைப் பக்கம் பழைய பாட்டில் வைத்திருப்பவர்கள் விலை தெரிந்துகொள்ள அவரைத்தான் கூப்பிட்டார்கள். சரக்கு பாட்டிலின் கழுத்தில் நின்றால் ஒரு விலை, தோளுக்கு இறங்கினால் பாதி விலை என்பார். தக்கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி அது இறங்குவதுதான் உலக வழக்கம். ஐசக் வீட்டில் மட்டும் வருடா வருடம் ஏறியது.

துரைராஜிடமும் அதே சரக்கு ஒன்று இருந்தது. அதே வருடம், லேபிளில் அதே கலங்கரை விளக்கம். ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டுக் குன்னூர் பங்களா ஒன்றின் ஏலத்தில் எடுத்தது. ஐசக்குக்கோ சும்மா வந்தது. அவருடைய தாத்தா கார் ஓட்டிய வெள்ளைக்காரர் கப்பலேறும் நாளில் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா பெந்தெகொஸ்தே சபைக்காரர். குடிக்கவும் முடியாது, அன்பாகக் கொடுத்ததை எறியவும் மனசில்லை. அப்படியே மூன்று தலைமுறையாக அது கூடத்தில், இப்போது டிவி பக்கத்தில், பூச்சாடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. துரைராஜ் தன்னுடையதை அப்படியெல்லாம் விடவில்லை. கண் பட்டுவிடுமென்று கறுப்புத் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்து, பீரோ கைப்பிடியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டி, அமாவாசைக்கு அமாவாசை மாற்றினார். மனைவி கீதாவுக்குக்கூடக் காட்டவில்லை. அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஞாயிறுதோறும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஐசக் வீட்டுக்குப் போய் அளந்துவிட்டு வருவார். பொறாமைதான், வேறு நல்ல பெயர் சொல்ல முடியாது. அன்று ராத்திரி சோறு இறங்காது.

கீதாதான் கண்டுபிடித்துச் சொன்னார். "எல்லாப் பொருளும் கண்ணு பட்டா கெடும். இது கண்ணு பட்டாத்தான் வளருது. வாராவாரம் நீங்க போய் வயிறெரிஞ்சிட்டு வர்றீங்க, அங்க ஏறுது. உங்களதப் பார்த்து யாருங்க வயிறெரியறாங்க?"

துரைராஜ் அன்றே எலுமிச்சையை அறுத்தெறிந்துவிட்டு, பாட்டிலை ஷோகேஸில் வைத்து, அக்கம்பக்கத்தாரை டீக்குக் கூப்பிட்டார். எக்ஸ்பயரி டேட் எங்கே என்று கேட்டார்கள். ஐசக் வந்து மனசாரச் சிரித்து, "சூப்பரா கீது சார், நல்லா வச்சுக்கோ" என்றார். அந்த மனுஷனிடம் பொறாமை மருந்துக்கும் கிடையாது. அந்த வாரம் இன்னும் அரை மில்லிமீட்டர் இறங்கியது.

கடைசியில் வெட்கத்தை விட்டு, பாட்டில்களை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். "எத்துகினு போ சார், எங்க வூட்ல யாரு குடிக்கப் போறாங்க" என்றார் ஐசக். பத்து வருடமாக ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஐசக் வீட்டுக்குப் போனபோது, டிவி பக்கத்தில் வெயில் பட்டுத் தேன் நிறத்தில் நின்றது அவருடைய பழைய பாட்டில். தன் வீட்டில் அது ஒருநாளும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. வயிறு பற்றி எரிந்தது. அது ஏறத் தொடங்கியது. வாங்கி வந்தது இறங்கத் தொடங்கியது. மூன்று வருடத்தில் நான்கு முறை மாற்றிப் பார்த்தார்கள். ஐசக் வீட்டில் எது இருந்ததோ அதுதான் ஏறியது.

நான்காவது முறை, துரைராஜ் வீட்டு ஷோகேஸில் இருந்தது தோளுக்கும் கீழே போய்விட்டது. இன்னும் வைத்திருந்தால் வெறும் பாட்டில்தான் மிஞ்சும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், அது செத்துப்போகக் கூடாது என்ற ஆசை ஒரு பக்கம். இரண்டு நாள் ஷோகேஸைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மூன்றாம் நாள், அடுத்த தெருதான் என்றாலும் கைதவறிவிடக் கூடாதென்று, அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் ஐசக் கையில் கொடுத்தார்.

"ரெண்டையும் நீயே வச்சுக்கோ."

"அப்ப உனுக்கு சார்?"

"ஞாயித்துக்கிழமை வர்றேன்."

இப்போது இரண்டும் தக்கையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஐசக் சபைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்குத் துரைராஜ் வந்துவிடுவார். எதிரே நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் பார்ப்பார். ஐசக் மேல் அவருக்குள்ள வயிற்றெரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. குறையக் கூடாதென்று கீதா வேண்டிக்கொள்கிறார். போன மாதம் காய்ச்சலில் ஒரு ஞாயிறு போக முடியவில்லை. மறுநாள் காலையில் ஐசக் பைக்கோடு வாசலில் நின்றார்.

"இன்னா சார், ரெண்டும் அர பாயிண்ட் எறங்கிகினு கீது. ஒரு நிமிஷம் வந்து வயிறெரிஞ்சிட்டுப் போ சார், கையோட நானே வுட்டுர்றேன்."

துரைராஜ் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் அளவு சரியாகிவிட்டது.