நாலு இழுப்பு

ஜான்சி வலது கையில் மட்டும் உறையை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். தலைமுடி முழுவதும் ஆபரேஷன் தியேட்டர் தொப்பிக்குள் இருந்தது. பார்க்கிறவர்கள், அப்பாவைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். சிகரெட் வாசனை முதலில் விரலில் உட்காரும், அடுத்தது முடியில். குவைத்தில் நர்ஸ்கள் விடுதியின் பின்படிக்கட்டில் பதினாறு வருடம் முன்பு கற்ற பாடம் அது. வாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மேலே, இரண்டாவது மாடியில், ராஜநாயகம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆறு மூச்சு, ஒரு நிறுத்தம், மறுபடி ஆறு மூச்சு. கணையத்தில் வந்த புற்று நுரையீரல்வரை போயிருந்தது. நிறுத்தம் அதிகபட்சம் இருபத்திரண்டு நொடி. அவளே கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்திருந்தாள். இந்த மாதிரி மூச்சை வார்டில் நூறு தடவை பார்த்தவள். ராத்திரிவரை தாங்கும் என்று கணக்குப் போட்டாள்.

அம்மா நோரா ஃபாதரைக் கூட்டிவர ஆட்டோவில் கோயிலுக்குப் போயிருந்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நான் வர்றதுக்குள்ள மூச்சு மாறிச்சுன்னா காதுல இயேசு மரி சூசையேன்னு சொல்லணும். மூணு தடவை. உசிரு இருக்கறப்பவே சொல்லணும்டீ. போனப்புறம் சொன்னா அது யாருக்கு?"

"சரிம்மா, நீ போய்ட்டு வா."

"இந்த இடத்த விட்டு எழுந்திரிக்காத."

சிகரெட்டை விடுவதை ஜான்சி ஒரு பேரமாகத்தான் நடத்திவந்தாள். பத்தை ஆறாக்கினாள், ஆறை மூன்றாக்கினாள், நைட் டியூட்டி என்றால் ஒன்று கூடுதல் என்று தனக்குத்தானே சலுகையும் கொடுத்துக்கொண்டாள். நிகோட்டின் சூயிங்கத்தை மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். வார்டில் நோயாளிகளிடம் புகையை விடச் சொல்லிப் பேசும் பொறுப்பும் அவளுடையதே. நன்றாகத்தான் பேசுவாள், இரண்டு பேர் விட்டே விட்டார்கள். அப்பா படுக்கையில் விழுந்த அன்று அவளும் ஒரேயடியாகக் கடையைக் கட்டினாள். இன்றோடு இருபத்திமூன்று நாள். ஒன்றே ஒன்றைக் கையுறைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தாள். அது அங்கே இருக்கிறது என்ற தெம்பில்தான் இருபத்திமூன்று நாளும் ஓடின.

ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிற வீட்டில் தீப்பெட்டி கூடாது என்று அவளே எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தாள். அதனால் நேராகக் காம்பவுண்டுச் சுவரோரம் இருந்த இஸ்திரி வண்டிக்குப் போனாள். அய்யாதுரை பெட்டியில் கரியை விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நெருப்பு குடுங்க."

அவர் உறையைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், ஆபரேசனா?"

"விளையாடாதீங்க. அப்பா தனியா இருக்காரு."

"உட்டுட்டேன்னு சொன்னியே. நீ சொன்னேன்னு நானே பீடிய கொறச்சிக்கினு கீறேன்."

"நாளையிலேர்ந்து மறுபடியும் விட்டுடறேன்."

"அப்ப மூணு இழுப்பு. மிச்சத்த என்னாண்ட குட்த்துடு."

"அஞ்சு."

"உனக்கும் வாணாம், எனக்கும் வாணாம். நாலு."

இடுக்கியில் ஒரு கரிக்கங்கை எடுத்து நீட்டினார். ஜான்சி பற்றவைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நாலு என்று படிந்துவிட்டதால் ஒவ்வொன்றையும் நீளமாக இழுத்தாள். எண்ணிக்கை குறைந்தால் அளவில் அமுக்கிப் போட்டுக்கொள்வதுதானே. இரண்டாவதிலேயே தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் மேல் ஜன்னலில் வைத்திருந்தாள். மெஷின் ஒரே சீராக இரைந்தது. அந்த இரைச்சல் இருக்கும்வரை பயமில்லை என்று தோன்றியது.

"அது அஞ்சாவது சிஸ்டர். நான் எண்ணிக்கினுதான் கீறேன்."

மிச்சத்தை அவரிடம் கொடுத்துவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய் சரியாக இருந்தது. நெஞ்சு கீழே இறங்கி நின்றிருந்தது; அவள் எண்ணத் தொடங்கினாள். பத்து. இருபது. இருபத்திரண்டு. முப்பது. அறுபது வந்தது. இனி எண்ணுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் எழுபதுவரை எண்ணினாள். கழுத்தில் விரல் வைத்தாள். உறையைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்தாள். சூடு இருந்தது. வேறெதுவும் இல்லை. அப்பா இல்லையென்று மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை.

'காதுதான் கடைசியில் போகும், பேசுங்க, அவருக்குக் கேக்கும்' என்று எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறாள். ரங்கநாதன் தெருவில் சாயம் போகாது என்று சேலையை உதறிக் காட்டுவார்களே, அதே உறுதியோடு. சரக்கு எப்படி என்று அவள் சோதித்துப் பார்த்ததில்லை.

கட்டிலின் இடதுபக்கம் சுவர். வலதுபக்கம் குனிந்து, உதடு காதில் படும்படி சொன்னாள். மூன்று தடவை. மூன்றாவது தடவை 'சூசையே' என்பதற்குக் காற்று போதாமல் இருமல் வந்தது. அவசரமாக நான்காவது தடவையும் சொன்னாள்.

கீழே ஆட்டோ நின்றது. உறையைச் சுருட்டி நைட்டிப் பைக்குள் திணித்தாள், தொப்பியை உருவினாள். வாயில் போட ஹால்ஸைத் தேடினாள். அது சமையலறையில் இருந்தது. அம்மா அறை வாசலில் இருந்தாள்.

"ஃபாதர் ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றாரு" என்று சொல்லிக்கொண்டே வந்த நோரா கட்டிலைப் பார்த்து நின்றாள். அழவில்லை. தோளிலிருந்த பையை எடுத்து நாற்காலியில் வைத்தாள். மெஷினின் பொத்தானை அவளே அணைத்தாள்.

"எப்போ?"

"இப்பதாம்மா. நாலு பத்து."

"கூடவே இருந்தியா?"

"ம்." அவள் வாயைத் திறக்காமல் பேசப் பழகியவள்.

"காதுல சொன்னியா?"

"சொன்னேன்."

"மூச்சு இருக்கறப்பவேதான?"

நோரா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீனைப் பைக்குள் போடமாட்டாள். நொச்சிக்குப்பத்தில் அவளைப் பார்த்தாலே மீன்காரிகள் பழைய மீனைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அந்தப் பார்வை இப்போது ஜான்சியின் முகத்தில் நின்றது.

"இருக்கறப்பவேதான்" என்றாள் ஜான்சி. வார்டில் உறவினர்களிடம் பேசும் குரல் வந்தது.

"எந்தக் காதுல?"

"வலது காது. அம்மா, இரு, முதல்ல கண்ண மூடிவிடணும், தாடையக் கட்டணும், அப்புறம் இறுகிடும்."

"கட்டலாம்."

நோரா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கணவரின் கன்னத்தில் முத்தமிட்டு, வலது காதருகே முகத்தை வைத்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். பாதியில் நின்றாள். அப்படியே இருந்தாள். ஜான்சிக்குத் தன் வாய்க்குள் இருந்த காற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. ராஜநாயகம் ஆயுளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டவரில்லை. இந்த வீட்டுக்குள் அந்த வாசனை வர வேறு வழியே கிடையாது. அம்மாவின் முதுகு ஏறி இறங்குவதை அவள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது கொஞ்சம் நீளமாக இருந்தது.

நோரா நிமிர்ந்தபோது மேசையில் கைபேசி அடித்தது. தம்பி ஆஸ்வின். பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். நோரா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, வாலாஜா தாண்டிட்டேன். அப்பா எப்படி இருக்காரு?"

"போயிட்டாருப்பா. நிதானமா வண்டிய ஓட்டு."

வண்டியை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா கூட யாரு இருந்தீங்க?" என்றான்.

"அக்கா."

"காதுல சொன்னாளா?"

"சொன்னா."

"நீ பாத்தியா?"

"எனக்குத் தெரியும்" என்றாள் நோரா. "வைக்கிறேன்."

கீழே ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. நோரா அலமாரியைத் திறந்து கொலோன் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தாள்.

"அம்மா," என்றாள் ஜான்சி, "நான் வந்து…"

"சொன்னல்ல."

"சொன்னேன். ஆனா…"

"போய் வாய் கொப்புளிச்சிட்டு வா. ஃபாதர் படியேறிட்டாரு."

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஜான்சி வெகுநேரம் கொப்புளித்தாள். பேஸ்ட்டை விரலில் எடுத்து நாக்கைத் தேய்த்தாள். வெளியே ஃபாதரின் குரலும் அம்மாவின் குரலும் சேர்ந்து ஜெபம் சொல்வது கேட்டது.

அவள் வந்து ஓரமாக முழந்தாளிட்டாள். அறை முழுக்கக் கொலோன் மணம். நோரா ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றி, மூடிய இமைகள், கன்னம், தாடைக்கட்டின் ஓரம். இடதுபக்கம் கை எட்டவில்லை. தலையை மெதுவாகத் திருப்பி, இடது காதின் மடிப்பெல்லாம் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். பஞ்சைப் பிழிந்து மூடிபோட்ட டப்பாவில் போட்டுவிட்டு, தலையைப் பழையபடி நேராக வைத்தாள்.

வலது காது ஈரம் படாமல் இருந்தது.