நாலு நொடியை எட்டாக்கப் போனவன்

தகடு வளைக்கும் அழுத்து இயந்திரம் மேலே போனால் நாலே நொடிதான் நிற்கும். அதற்குள் வளைந்த தகட்டை எடுத்து, புதியதை வைத்து, கையை உருவிவிட வேண்டும். நேரம் பார்ப்பது பக்கத்துப் பெட்டியிலிருக்கும் டைமர் ஐசி. நகத்தளவு, எட்டுக் கால். கெப்பாசிட்டர் என்ற மின்தேக்கியில் மின்சாரம் மெல்ல ஏறும். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் ஐசி பிடியை விடும். ஒரு டன் இரும்பு தடாலென்று இறங்கும்.

அதில் வேலைக்கு நிற்பவர் பட்டறை எலக்ட்ரீஷியனின் அக்கா புருஷன்.

"நாலு பத்தல மாப்ள. எட்டாக்கிக் குடு."

மேஸ்திரிக்குத் தெரியாமல், சாப்பாட்டு நேரத்தில் அவன் பெட்டியைத் திறந்தான். இருந்த கெப்பாசிட்டரோடு அதே அளவில் இன்னொன்றை, ஒன்றின் வாலில் மற்றதன் தலையாக ஈயத்தால் பற்றவைத்து மூடினான்.

"இனி எட்டு மாமா. ஆற அமர எடுங்க."

குழாயடியில் கை கழுவும்போதுதான் தப்பு உறைத்தது. அப்படிக் கோத்தால் கூடுவது ரெசிஸ்டரின் தடை. கெப்பாசிட்டர் பாதியாகும், நேரமும் பாதி. எட்டு இல்லை, இரண்டு!

சாப்பாட்டு நேரம் முடிந்த சங்கு ஊதிவிட்டது. தலைதெறிக்க ஓடினான். பட்டறை வாசலில் மேஸ்திரி, கையில் அவன் பெட்டியடியில் விட்டுவந்த திருப்புளி.

"யாரக் கேட்டுடா என் மிஷினத் தொட்ட?" பளாரென்று ஒன்று விழுந்தது.

"விடுங்க, மாமா கை போயிரும்!"

"மொதல்ல உன் கழுத்து போவட்டும்." சுவரோடு சேர்த்து நெரித்தார்.

உள்ளே மோட்டார் உறுமத் தொடங்கியது. அவன் அந்தக் கையைக் கடித்தான், வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும்வரை. பிடி தளர்ந்ததும் நெற்றியால் ஒரே முட்டு. மேஸ்திரியின் மூக்கெலும்பு நொறுங்கியது அவனுக்கே கேட்டது.

உள்ளே நுழைந்தபோது இயந்திரம் முதல் அடி அடித்து மேலே போயிருந்தது. மாமா சாவகாசமாகக் கையை முழங்கைவரை உள்ளே விட்டிருந்தார். அந்த இரைச்சலில் கத்தி என்ன பயன்? பாய்ந்து அவர் விலாவில் உதைத்தான். மாமா முக்காலியோடு உருண்டார். இரும்பு இறங்கியது. அவர் சட்டைக் கையை மட்டும் கடித்துக் கிழித்து வைத்துக்கொண்டது.

"பைத்தியமாடா உனக்கு?" எழுந்த வேகத்தில் மாமா விட்ட குத்தில் அவன் பல் ஒன்று தெறித்தது. அடுத்த குத்துக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. இயந்திரம் மறுபடி தானாக இறங்கி, அந்தத் துணியை நசுக்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நொடிதான் மாமா. தப்பா கோத்துட்டேன்."

மாமா இயந்திரத்தின் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தார். திரும்பி வந்து மறுபடி அடித்தார். இந்த அடி விஷயம் தெரிந்து அடித்த அடி. பிறகு பற்றவைக்கும் கோலை எடுத்துக்கொண்டார்.

"நீ தொடாத. எப்படின்னு வாயால சொல்லு."

"பக்கம் பக்கமா வைங்க. தலையோட தலை, வாலோட வால்." பல் போன இடத்தில் சொற்கள் விசிலடித்தன.

"நிச்சயமா?"

அவன் எச்சிலோடு ரத்தத்தை விழுங்கினான்.

"மொதல்ல ஒரு கட்டைய வச்சுப் பாருங்க மாமா."